காய்ந்த பெயின்றும் அம்மாவின்ர லப்டொப்பும்



இந்த வார எபிசோட்டின் கடைசியில் ஒரு கேள்வி வந்தது ஞாபகம் இருக்கும்: "மொனிற்றர் திரையில பெயின்ற் பட்டுக் காய்ஞ்சு போச்சு, என்ன செய்யிறது?" நேரம் முடிந்துகொண்டிருந்ததால் ஒன்றரை நிமிசத்தில் பதில் சொல்லி முடித்துவிட்டேன். பிறகு மனசு கேட்கவில்லை. இந்த விசயத்தில் நான் ஒருமுறை படு தோல்வி, ஒருமுறை தப்பிப் பாஸ். இரண்டையும் சொன்னால்தான் பதில் முழுசாகும். ஆகவே இங்கே ஆறுதலாக எழுதுகிறேன்.

அவசரத்தில் இருப்பவர்களுக்கு முதலே சொல்லிவிடுகிறேன்: நெயில் பொலிஷ் ரிமூவரைக் கீழே வையுங்கோ. அதை வைத்துவிட்டு மிச்சத்தை வாசியுங்கோ.

முதலில் தோல்விக் கதை

நான் அப்போது யூனிவேர்சிற்றி இரண்டாம் வருசம். ஸ்காபரோவில் எங்கட வீட்டில் சாப்பாட்டு மேசைதான் எல்லாருக்கும் ஒஃபிஸ். அம்மா பகல் முழுக்க வேலைக்குப் போய் வந்து, இரவில் அந்த மேசையில் இருந்து ஒன்லைனில் கணக்கியல் கோர்ஸ் ஒன்று செய்துகொண்டிருந்தா. அதே மேசையின் மற்றப் பக்கத்தில் நான் எங்கட தமிழ் மாணவர் சங்கத்தின் கலைவிழாவுக்குப் போஸ்டர் கீறிக்கொண்டிருந்தேன். அக்ரிலிக் பெயின்ற். தூரிகையை ஒருமுறை உதறினேன். மூன்று சிவப்புத் துளிகள் அம்மாவின்ர லப்டொப் திரைக்குப் போனது எனக்குத் தெரியாது.

அடுத்த நாள் காலமைதான் கண்டேன். நன்றாகக் காய்ந்திருந்தது. அம்மா எழும்ப முதல் எடுத்துவிட வேணும் என்ற பதற்றம். நகத்தில் இருக்கிற பெயின்றை எடுக்கிறது ரிமூவர்தானே என்று பஞ்சில் நனைத்துத் துடைத்தேன். பத்து செக்கன்கூட எடுக்கவில்லை, சிவப்புப் போய்விட்டது. சந்தோசத்தில் துள்ளினேன்.

ஈரம் காய்ந்த பிறகுதான் பார்த்தால், திரையின் நடுவில் இரண்டு டொலர் குற்றி அளவில் புகை படிந்த மாதிரி ஒரு வெள்ளைத் திட்டு. அழுக்கு என்று நினைத்து இன்னும் தேய்த்தேன். திட்டு பெரிதானது.

அம்மா ஏசவில்லை. "பரவாயில்லை பிள்ளை, எழுத்து தெரியுதுதானே" என்றா. புதுத் திரை போட விசாரித்தோம். லப்டொப்பின் அரைவாசி விலை சொன்னார்கள். அந்த வருசம் அது எங்களால் முடியாது. அதற்குப் பிறகு ஒன்றரை வருசம் அம்மா அதே லப்டொப்பில்தான் படித்தா. கணக்கு இலக்கங்கள் அந்தத் திட்டுக்குள் விழாத மாதிரி ஒவ்வொருமுறையும் வின்டோவை இடப்பக்கமாக இழுத்து வைப்பா. ஏசியிருந்தால் நான் மறந்திருப்பேன். அந்த இழுவையைத்தான் மறக்க முடியவில்லை.

அந்த வெள்ளைத் திட்டு என்ன?

அது பெயின்றும் இல்லை, அழுக்கும் இல்லை. பிளாஸ்ரிக்கே கெட்டுப் போனதுதான் அது.

நாங்கள் திரையைக் கண்ணாடி மாதிரி நினைக்கிறோம். சில திரைகளில் மேலே கண்ணாடி இருப்பது உண்மைதான். ஆனால் பளபளப்பு இல்லாத, மங்கலான மேற்பரப்புள்ள பெரும்பாலான மொனிற்றர்களிலும் லப்டொப்புகளிலும் உங்கட விரல் தொடுவது ஒரு பிளாஸ்ரிக் படலம். அதன் பெயர் போலரைசர். எல்சிடி திரையில் பின்னாலிருந்து வரும் வெளிச்சம் இப்படியான இரண்டு படலங்களுக்கு ஊடாக வந்தால்தான் உங்களுக்குப் படம் தெரியும். வீட்டில் போலரைஸ்ட் சன்கிளாஸ் இருந்தால் எடுத்து, எரிகிற திரைக்கு முன்னால் பிடித்து மெல்லத் திருப்பிப் பாருங்கோ. பல திரைகள் ஒரு கோணத்தில் கறுத்துப் போகும். காரணம் அந்தப் படலம்தான்.

படலத்தின் நடுவில் இருப்பது, அயடின் ஏற்றி ஒரு திசையில் இழுத்து நீட்டிய மெல்லிய பிளாஸ்ரிக். 1938 இல் எட்வின் லாண்ட் கண்டுபிடித்த முறை அது. இன்றைக்கும் அடிப்படை மாறவில்லை. அதற்கு இரண்டு பக்கமும் காவலாகப் பெரும்பாலும் செல்லுலோஸ் ட்ரைஅசிற்றேற் என்ற படலம் இருக்கும். மேலே கீறல் விழாமலும் வெளிச்சம் தெறிக்காமலும் இருக்க இன்னொரு பூச்சு. எல்லாம் சேர்த்தும் ஒரு மில்லிமீற்றரின் கால்வாசிகூட வராது.

இந்த அடுக்கில் அசிற்றோன் பட்டால் பிளாஸ்ரிக் ஊதும், மென்மையாகும், பூச்சு கலங்கிப் போகும். அசிற்றோன் 56 பாகையிலேயே கொதிக்கும் திரவம், ஆகவே நொடியில் காய்ந்துவிடும். ஆனால் அதற்குள் செய்ய வேண்டியதைச் செய்துவிடும். போலரைசர் படத்தை உண்டாக்கும் பாகம் என்பதால், அது கெட்டால் அந்த இடத்தில் படமும் கெட்டதுதான். திரும்பத் துடைத்துச் சரிப்படுத்த முடியாது.

இன்னொன்று. "அசிற்றோன் இல்லை" என்று போத்தலில் போட்டிருக்கும் ரிமூவர்களை நம்பி ஏமாறாதேங்கோ. அவற்றில் அனேகமாக எதைல் அசிற்றேற் இருக்கும். அதுவும் பிளாஸ்ரிக்கைத் தாக்கும் கரைப்பான்தான்.

அப்பா சொன்ன விசயம்

இனி இரண்டாவது கதை. போன மாதம் அம்மம்மா எங்களோட வந்து இருக்கப் போறா என்று பேஸ்மென்ற் அறைக்குப் பெயின்ற் அடித்தோம். அப்பா கனடா வந்த காலத்திலிருந்து பெயின்ற் வேலைதான். தம்பியின் மொனிற்றரை வெளியில் எடுக்கப் பஞ்சிப்பட்டு பழைய படுக்கை விரிப்பால் மூடிவிட்டோம். விரிப்பு சரிந்தது. றோலர் தெறித்தது. பின்னேரம் பார்த்தால் திரையில் பன்னிரண்டு வெள்ளைப் புள்ளிகள். தம்பி வீட்டிலிருந்து வேலை செய்பவன். திங்கட்கிழமை காலமை அவனுக்கு அது வேணும்.

நான் உடனே நகத்தால் சுரண்டப் போனேன். அப்பா பின்னுக்கு நின்று, "கையை எடு பிள்ளை" என்றார். பிறகு அவர் சொன்னதுதான் இந்தக் கடிதத்தின் முக்கியமான பகுதி.

"பிளாஸ்ரிக்கில பெயின்ற் பிடிக்கவைக்க நாங்கள் எவ்வளவு பாடுபடுறம் தெரியுமோ? முதல்ல உரஞ்சவேணும், பிறகு பிறைமர் அடிக்கவேணும், அப்பத்தான் நிக்கும். இதில ஒண்டும் செய்யேல்லைத்தானே. சும்மா மேல ஒட்டிக்கொண்டு நிக்குது. ஊற விட்டால் தானா வரும். அதோட சண்டை பிடிக்காத."

நான் இத்தனை வருசமாகத் திரையைப் பற்றி வாசித்திருக்கிறேன், பெயின்றைப் பற்றி யோசித்ததே இல்லை. வீட்டுச் சுவருக்கு அடிக்கிற தண்ணிப் பெயின்றில் அக்ரிலிக் போன்ற பிளாஸ்ரிக்கின் மிகச் சிறிய துணிக்கைகள் தண்ணிக்குள் மிதக்கும். தண்ணி ஆவியாகப் போகப் போக அந்தத் துணிக்கைகள் நெருங்கி, ஒன்றோடொன்று உருகிச் சேர்ந்து ஒரு தோல் மாதிரி ஆகும். ஆன பிறகு அது தண்ணியில் கரையாது. ஆனால் கரையாதே தவிர, ஊறும். தொட்டால் காய்ந்த மாதிரி இருப்பது ஒரு மணித்தியாலத்தில். முழுதாக இறுக இரண்டு முதல் நாலு கிழமை எடுக்கும். அதற்குள் இளஞ்சூட்டுத் தண்ணியும் சவர்க்காரமும் போதும், அந்தத் தோல் மென்மையாகிப் பிடியை விடும்.

போஸ்டர் கீறுகிற அக்ரிலிக் பெயின்றும் இதே சாதிதான். அதாவது, அம்மாவின்ர திரையில் அன்றைக்கு இருந்த மூன்று துளிகளும் ஒரு கோப்பை இளஞ்சூட்டுத் தண்ணிக்கு வந்திருக்கும். அப்பாவுக்கு முன்னால் நின்று இதை யோசித்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

செய்யும் முறை

முதலில் இரண்டு விசயம் பாருங்கோ.

ஒன்று, என்ன பெயின்ற்? டின்னை எடுத்து வாசியுங்கோ. தூரிகையைச் சவர்க்காரமும் தண்ணியும் போட்டுக் கழுவலாம் என்று இருந்தால் அது தண்ணிப் பெயின்ற். மினரல் ஸ்பிரிற் அல்லது தின்னர் கேட்டால் எண்ணெய்ப் பெயின்ற். அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

இரண்டு, என்ன திரை? திரையை நிறுத்திவிட்டு ஃபோன் ரோர்ச்சை முன்னால் பிடியுங்கோ. வெளிச்சம் கூர்மையான புள்ளியாகத் தெரிந்தால் பளபளப்புத் திரை, பெரும்பாலும் கண்ணாடி. பரவி மங்கலாகத் தெரிந்தால் மங்கல் திரை, பெரும்பாலும் பிளாஸ்ரிக். சந்தேகம் என்றால் பிளாஸ்ரிக் என்றே வைத்துக்கொள்ளுங்கோ. அதில் நட்டம் ஒன்றும் இல்லை.

பிறகு இந்த ஒழுங்கில் செய்யுங்கோ:

1. மின்சார வயரைக் கழற்றுங்கோ. லப்டொப் என்றால் முழுதாக ஷட் டவுன். திரை ஆறட்டும். கறுத்த திரையில் பெயின்ற் எங்கே என்று வடிவாகத் தெரியும்.

2. மொனிற்றரை மெத்தையில் அல்லது துவாயில் முதுகுப்பக்கமாகப் படுக்க வையுங்கோ. லப்டொப் என்றால் திரை மேசையில் படுத்திருக்க, கீபோர்ட் பக்கம் நிமிர்ந்து நிற்கட்டும். இது ஏன் என்றால், நிமிர்ந்த திரையில் தண்ணி வைத்தால் அது கீழ் விளிம்புக்கு ஓடும். திரையை இயக்கும் மெல்லிய இணைப்புகள் பல திரைகளில் அந்த விளிம்புக்குள்தான் இருக்கின்றன. உள்ளே போகும் ஒரு துளி திரை முழுக்கக் கோடு விழுத்தும்.

3. தூசியைத் தட்டுங்கோ. காய்ந்த மைக்ரோஃபைபர் துணியால் மெல்ல, அழுத்தாமல். தூசியோடு தேய்த்தால் அதுவே கீறும்.

4. கை பொறுக்கும் இளஞ்சூட்டுத் தண்ணியில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளி. மைக்ரோஃபைபர் துணியின் ஒரு சிறு மூலையை நனைத்து, சொட்டாத அளவுக்குப் பிழிந்து, பெயின்ற் புள்ளியின் மேல் மட்டும் வையுங்கோ. ஐந்து நிமிசம். தேய்க்க வேண்டாம், அழுத்த வேண்டாம். சும்மா வைத்துவிட்டு ஒரு பிளேன்ரீ போட்டுக் குடியுங்கோ.

5. துணியை எடுத்துவிட்டு விரல் நுனியால் புள்ளியின் ஓரத்தை மெல்லத் தள்ளிப் பாருங்கோ. தோல் மாதிரிச் சுருண்டு வந்தால் சரி. வராவிட்டால் திரும்ப ஐந்து நிமிசம் ஊற வையுங்கோ. எங்கட பன்னிரண்டு புள்ளியில் ஏழு முதல் தரமே வந்தது. நாலுக்கு மூன்று தரம் வைக்க வேண்டி வந்தது.

6. அப்படியும் வராதவற்றுக்கு, பழைய கிஃப்ட் கார்ட் ஒன்றை ஈர மைக்ரோஃபைபர் துணியால் சுற்றி, திரைக்குக் கிட்டத்தட்டப் படுத்த கோணத்தில் வைத்து ஓரத்திலிருந்து தள்ளுங்கோ. குத்தக் கூடாது, கிண்டக் கூடாது. வெளியே வந்த துண்டை அந்தக் கணமே எடுத்துவிடுங்கோ, அதைத் திரையில் இழுக்காதேங்கோ.

7. கடைசியில் காய்ச்சி வடித்த தண்ணியில் நனைத்துப் பிழிந்த சுத்தத் துணியால் சவர்க்காரத்தைத் துடைத்து, காய்ந்த துணியால் ஒற்றுங்கோ. பைப் தண்ணி என்றால் உப்புப் படிவு விடலாம். ஒரு மணித்தியாலம் காயவிட்டு வயரைப் போடுங்கோ. விளிம்புக்குள் தண்ணி போன சந்தேகம் இருந்தால் ஒரு நாள் பொறுங்கோ.

தண்ணிக்கு வராவிட்டால்?

கனநாள் காய்ந்த தண்ணிப் பெயின்றுக்கு அடுத்த படி ஐசோபுரொப்பைல் அல்ககோல். அது காய்ந்த அக்ரிலிக் பெயின்றை மென்மையாக்கும். ஆனால் சில பிளாஸ்ரிக்குகளில், முக்கியமாக அக்ரிலிக் பிளாஸ்ரிக்கில், மயிரிழை வெடிப்பு விழுத்தவும் கூடும். ஆகவே உங்கட மொனிற்றர் கையேட்டில் அல்ககோல் பாவிக்கலாம் என்று இருந்தால் மட்டும் இந்தப் படிக்குப் போங்கோ. அப்பிள் 2020 மார்ச்சில் தன் பொருட்களின் திரைகளில் 70 வீத ஐசோபுரொப்பைல் துடைப்பான் பாவிக்கலாம் என்று அறிவித்தது. அதைக் காட்டி எல்லாத் திரைக்கும் பாவிக்கக் கூடாது. அப்பிளின் அந்தத் திரைகளில் மேலே இருப்பது பெரும்பாலும் கண்ணாடி. பாவிப்பதாக இருந்தால், பாதித் தண்ணி கலந்து, பஞ்சுக் குச்சியின் நுனியில் மட்டும் எடுத்து, முதலில் திரையின் ஒரு மூலையில் தொட்டுப் பாருங்கோ. பத்து நிமிசம் கழித்தும் மாற்றம் ஒன்றும் இல்லாவிட்டால் மட்டும் புள்ளியில் வையுங்கோ.

எண்ணெய்ப் பெயின்ற் வேறு கதை. அது தண்ணி போய்க் காய்வதில்லை, காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து இறுகுவது. சவர்க்காரத் தண்ணிக்குக் கனக்க அசையாது. அதைக் கரைக்கிறவை எல்லாம் திரைக்கு ஆபத்தானவை. ஆகவே ஊற வைப்பதும், துணி சுற்றிய கார்டால் தள்ளுவதும், பொறுமையும்தான் வழி. ஸ்ப்ரே பெயின்ற் மெல்லிய படலமாகப் பரவியிருந்தால் உண்மையாகச் சொல்கிறேன், பிளாஸ்ரிக் திரையில் அது முழுதாகப் போகும் என்று எதிர்பார்க்காதேங்கோ.

எங்கட வீட்டு வைத்தியம் ஒன்றும் உண்டு. அம்மா தேங்காய் எண்ணெய்ப் போத்தலோட வந்தா. எண்ணெய் காய்ந்த தண்ணிப் பெயின்றைக் கொஞ்சம் இளக்கும் என்பது சரிதான், அப்பாவும் கையில் பட்ட பெயின்றுக்கு அதைத்தான் பூசுவார். ஆனால் மங்கல் திரையின் நுண்ணிய மேடு பள்ளத்துக்குள் எண்ணெய் இறங்கினால் அந்த இடம் மட்டும் மினுங்கும், பிறகு அதைக் கழுவ இன்னொரு பாடு. தண்ணியே வேலை செய்யும்போது தேவையில்லை. போத்தலைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

தொடவே கூடாதவை

தின்னர், ரேப்பன்ரைன், அசிற்றோன்: மேலே சொன்ன காரணம்.

யன்னல் கண்ணாடிக்கு அடிக்கிற நீல ஸ்ப்ரே: பலவற்றில் அமோனியா இருக்கும், திரையின் பூச்சுக்குக் கூடாது.

வெள்ளை மெலமைன் ஸ்பொஞ், பற்பசை, பேக்கிங் சோடா: மூன்றும் நுண்ணிய உரஞ்சு பொருட்கள். மங்கல் திரை மங்கலாக இருப்பதே அதன் மேற்பரப்பு நுண்ணியதாய்ச் சொரசொரப்பாக இருப்பதால்தான். அதை உரஞ்சினால் அந்த இடம் வழுவழுப்பாகி, என்றைக்கும் மினுங்கிக்கொண்டு நிற்கும்.

கிச்சன் ரிஷூ: மென்மையாகத் தெரியும், ஆனால் அது மரநார். பிளாஸ்ரிக்கில் மெல்லிய கீறல் விழுத்தும்.

சவரத் தகடு: வெறும் கண்ணாடி யன்னலுக்கு அப்பா பாவிப்பார். கணினித் திரைக்கு, கண்ணாடியாக இருந்தாலும், வேண்டாம். மேலே இருக்கிற தெறிப்புத் தடுக்கும் பூச்சைச் சீவிவிடும்.

எப்போது நிறுத்துவது?

பன்னிரண்டில் பதினொன்று வந்தது. பன்னிரண்டாவது, வலது மேல் மூலையில் கடுகளவில் ஒன்று, நாலு தரம் ஊற வைத்தும் அசையவில்லை. நான் கார்டைக் கொஞ்சம் அழுத்திப் பார்க்கலாம் என்று யோசித்தேன். அப்பா, "அது நிக்கட்டும்" என்றார்.

அவர் சொன்னது சரி. திரையில் ஒரு கடுகு இருந்தால் அந்த இடத்தில் ஒரு கடுகு மறையும், அவ்வளவுதான். அதை எடுக்கப் போய் வரும் திட்டு அதைவிடப் பத்து மடங்கு பெரிதாக இருக்கும். பெயின்றை நாளைக்கும் எடுக்கலாம், அடுத்த மாதமும் முயற்சி செய்யலாம். கெட்ட பிளாஸ்ரிக்கைத் திரும்பப் பெற வழி இல்லை. உங்களுக்குப் பதற்றம் வந்து கை அழுத்தத் தொடங்கினால், நிறுத்த வேண்டிய நேரம் அதுதான்.

தம்பி திங்கட்கிழமை வேலை தொடங்கினான். அந்தக் கடுகை அவன் கண்டானோ தெரியாது. நானும் காட்டவில்லை.

இந்தக் கதையை எழுதட்டோ என்று அம்மாவிடம் கேட்டேன். "எழுது, ஆனா அந்த லப்டொப்பில படிச்சு நான் பாஸ் பண்ணினதையும் எழுது" என்றா.

பாஸ் பண்ணினவா. 87 மார்க்ஸ்.

அடுத்த கிழமை சந்திப்போம். பெயின்ற் அடிக்கிறவர்கள் முதலில் மொனிற்றரை அறைக்கு வெளியில் எடுத்து வையுங்கோ.